பாடத்தெரிவுப் படிவம் அடிப்பவன் எழுதும் மடல்

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலை அதிபர்களுக்கும் பகுதித் தலைவர்களுக்கும், கல்வி வலயங்களில் இருந்து அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஆசிரியன் இல்லை. நகரில் ஒரு பாடசாலையின் கேற்றுக்கு முன்னால் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன். பதினெட்டு வருடமாக உங்கள் தவணைப் பரீட்சை வினாத்தாள், பெற்றோர் கூட்ட அழைப்பு, விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல் எல்லாம் என் மெஷினுக்குள்ளால்தான் போய் வருகின்றன. எந்த வேலையும் எனக்குக் கசந்ததில்லை. ஒன்பதாம் தரம் முடிகிற காலத்தில் வரும் ஒரு வேலை மட்டும் இப்போது கசக்கிறது. ஏ4 தாளில் மேலும் கீழுமாக இரண்டு படிவம், நடுவால் வெட்ட வேண்டும். தலைப்பு "தரம் 10 பாடத்தெரிவு". கீழே மூன்று கட்டம், பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு, "நாளை ஒப்படைக்கவும்" என்று ஒரு வரி.

இந்த முறை அந்த அரைத் தாள்களில் ஒன்று என் வீட்டுக்கே வந்தது. மகள் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வலது ஓரம் கொஞ்சம் சரிந்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் வெட்டியதுதான், அன்றைக்குக் கத்தி மழுங்கல். இத்தனை வருடம் ஆயிரக்கணக்கில் அடித்த தாளை அன்று இரவுதான் முதல் தடவையாக வாசித்தேன். வாசித்த பிறகு நித்திரை வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இதை வாசிக்கும் தாய் தகப்பன் பலருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓ.எல் என்ற சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற ஆறும் எல்லாருக்கும் கட்டாயம். மிச்சம் மூன்றும் பிள்ளை தெரிவு செய்வது. பிள்ளைகள் வாயில் அது 'பாஸ்கட் பாடம்'. மூன்று கூடை, கூடைக்கு ஒன்று. முதல் கூடையில் வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியுரிமைக் கல்வி, முயற்சியாண்மை, இரண்டாம் மொழி, அரபு முதலான பிற மொழிகள். இரண்டாவதில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம். மூன்றாவது கூடைதான் பெரியது. தகவல் தொழில்நுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், ஊடகக் கற்கை, கைப்பணி, நிர்மாணம், இயந்திரம், மின்னும் இலத்திரனியலும், நீருயிரின வளம் என்று பத்துக்கு மேல் போகும்.

என் மேசையில் கிடந்த தாளில் மூன்றாவது கூடைக்குள் நாலு பெயர்தான் இருந்தது. சுகாதாரம், மனைப்பொருளியல், விவசாயம், ஐ.சி.ரி என்ற தகவல் தொழில்நுட்பம். ஐ.சி.ரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். தாளின் அடியில் அந்த நட்சத்திரத்தின் விளக்கம்: "முதல் 40 மாணவர்களுக்கு மட்டும்." முதல் நாற்பது என்றால் தவணைப் பரீட்சை நிலையில் முதல் நாற்பது. மகள் நாற்பத்தாறு.

எந்தப் பாடசாலை என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு பாடசாலையைக் குறை சொல்ல எழுதவில்லை. பல பாடசாலைகளின் படிவத்தை நான் அடிக்கிறேன், எல்லாவற்றிலும் ஒரு நட்சத்திரம் எங்கேயோ இருக்கிறது.

மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று விளங்காது. போன ஆவணியில் கடையின் பெரிய மெஷின் தாளை இழுக்காமல் நின்றுவிட்டது. தவணைப் பரீட்சைக் காலம், மூன்று பாடசாலையின் வேலை கையில். திருத்துகிறவர் கண்டியில் இருந்து வர வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார். பின்னேரம் மகள் வந்து பக்கக் கதவைத் திறந்து, டோர்ச் அடித்து, ஒரு தாளைப் போட்டுப் பார்த்தாள். "அப்பா, ரோலர் சுத்துது. ஆனா தாளைப் பிடிக்குதில்ல" என்றாள். கழற்றி எடுத்துக் கையில் தந்தாள். ரப்பர் சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழு என்று இருந்தது. நைசான அரத்தாளால் சுற்றிவர மெதுவாக உரசி, ஸ்பிரிட் துணியால் துடைத்துத் திருப்பிப் பூட்டினாள். மெஷின் இழுத்தது. பிறகும் நடுநடுவே 'தாள் சிக்கியிருக்கிறது' என்று பொய் சொல்லிக்கொண்டு நின்றது. உள்ளே தாள் இல்லை. அவள் இன்னும் குனிந்து, சென்சர் கண்ணில் ஒட்டியிருந்த விரல் நகம் அளவு தாள் துண்டை அம்மாவின் புருவம் பிடுங்கும் கவ்வியால் எடுத்துப் போட்டாள். கண்டியில் இருந்து ஆள் வந்தபோது புது ரோலர் மாற்றுவதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. "ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டார். சொன்னேன். "எந்தக் கோர்ஸ் படிக்கிறா?" என்றார். ஒன்பதாம் வகுப்பு என்றதும் மனிதன் சிரித்துவிட்டார்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கூடையில் மின்னும் இலத்திரனியலும் என்று ஒரு பாடம் இருப்பது எப்படித் தெரியும்? என் கடையில் கடந்தகால வினாத்தாள் அடுக்கில்தான் பார்த்திருக்கிறாள். மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறாள். "அது ஆம்பிளைப் பிள்ளையளின்ட ஸ்கூல்ல இருக்கு மகள். எங்கட ஸ்கூல்ல வேர்க்‌ஷொப் இல்ல. நீ மனைப்பொருளியல் எடு, ஏ எடுக்கலாம்" என்று அந்த மிஸ் பாசமாகத்தான் சொல்லியிருக்கிறார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. மனைப்பொருளியலிலும் குறை இல்லை, நல்ல பாடம். என் வீட்டில் அதை முதலில் படிக்க வேண்டியவன் நான்.

ஆனால் அந்த ஆம்பிளைப் பிள்ளைகளின் பாடசாலை எங்கே இருக்கிறது? என் கடையில் இருந்து நடந்தால் பத்து நிமிடம். கோட்டைப் பக்கத்து மான் கூட அந்தத் தூரத்தை ஒவ்வொரு நாளும் நடந்து வந்து என் வாசலில் கிடக்கும் கழிவுத் தாளைத் தின்றுவிட்டுப் போகிறது. (பிழையாக அடித்த பாடத்தெரிவுப் படிவங்களையும் தின்றிருக்கிறது. அதற்குத் தெரிவு கூட, எந்தத் தாளும் தின்னலாம்.) பத்து நிமிட நடைக்கு அங்கால் ஒரு பட்டறை, ஒரு ஆசிரியர், பின்னேரம் பூட்டிய கதவு. இங்கால் ஒரு பிள்ளை. நடுவில் நான் வெட்டிய அரைத் தாள்.

இதற்குத் தெரிவு என்று பெயர் வைக்காதீர்கள். பங்கீடு என்று வையுங்கள், கோபம் வராது. கூப்பன் கடையில் அரிசி முடிந்துவிட்டது, மா இருக்கிறது என்றால் யாரும் கோபிப்பதில்லை, மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தெரிவு செய் என்று பிள்ளையிடம் பேனையைக் கொடுத்துவிட்டு, அவள் யோசித்து எழுதிய பிறகு அது இல்லை இது என்று வெட்டும்போதுதான் பிள்ளைக்கு உள்ளே ஏதோ உடைகிறது. பதினாலு வயதில் அவளாக எடுக்கும் முதல் முடிவு அது.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். கடையில் நின்று அதிபர்மார் பேசுவதைக் கேட்காத நாள் இல்லை. ஆளணி இல்லை, இடமாற்றத்தில் போன ஆசிரியருக்குப் பதில் ஆள் வரவில்லை, கணினி அறையில் பாதி மெஷின் எழும்பாது, பட்டறைக்கு மின் இணைப்புக் கேட்டு எழுதி வருடம் போகிறது. இன்னொன்றும் உண்டு. ஏ.எல் என்ற உயர்தரம் படிக்க ஓ.எல்லில் ஆறு பாடத்தில் சித்தியும் அதில் மூன்றில் 'சி' என்ற திறமைச் சித்தியும் வேண்டும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தள்ளாடும் பிள்ளைக்கு அந்த மூன்று 'சி'யையும் இந்தக் கூடைகளில் இருந்துதான் பொறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வகுப்பாசிரியர் என்னிடம் சொன்னார். நியாயம். தடுக்கி விழும் பிள்ளைக்குக் கைப்பிடியாக ஒரு பாடத்தைக் கொடுப்பது நல்ல ஆசிரியர் செய்கிற வேலைதான். கைப்பிடி கொடுக்கிறேன் என்று அந்தப் பிள்ளையிடமும் சொல்லுங்கள் என்பதுதான் என் பேச்சு. 'சீ' வகுப்பு முழுக்க விவசாயம், 'ஏ' வகுப்பு முழுக்க ஐ.சி.ரி என்று ஒரே கோட்டில் பிரித்துவிட்டு அதைத் தெரிவு என்று கோவைக்குள் போட்டுவைக்க வேண்டாம். அதனால் விவசாயத்துக்கும் கெட்ட பெயர். தம்பலகாமத்திலும் மூதூரிலும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரிலும் நெல் விளைகிற மாவட்டத்தில், விவசாயப் பாடம் கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தகாது என்ற எண்ணம் எங்கே இருந்து வந்தது? விவசாயத்தோடு ஒட்டிய உயிர்முறைமைத் தொழில்நுட்பம் என்று ஏ.எல்லில் ஒரு துறையே இருக்கிறது. தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது, பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டது. அதற்கு அடிவாரமாக இருக்க வேண்டிய பாடங்களை இன்னும் மிச்சப் பிள்ளைகளுக்கான பாடமாகத்தான் வைத்திருக்கிறோம்.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். ஓ.எல் பெறுபேறு வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கே என் கடை திறந்துவிடும். ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்கு '9ஏ' பனர் அடிக்க. பிள்ளைகளின் படம், பின்னால் நீல வானம், மூலையில் பாடசாலைச் சின்னம், கீழே "பெருமை கொள்கிறோம்". அடிப்பது நான். அதில் எனக்கு வருமானம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பனரும் அடுத்த வருடப் பாடத்தெரிவுப் படிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஒன்பதில் ஒன்று 'பி' ஆனால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் மாமி கேட்பாள், ரியூசன் சேர் கேட்பார். அதனால் எட்டாம் தரத்திலேயே வீட்டில் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள்: எந்தப் பாடம் 'சுலபமான ஏ'? சுகாதாரம் சுலபமாம். குடியுரிமை சுலபமாம். நடனத்துக்குச் செய்முறைப் பரீட்சை, ஆபத்தாம். நாடகமும் அப்படியாம். புவியியலில் படம் கீற வேண்டுமாம். எங்கள் வீடுகளில் பாடம் தெரிவு செய்வது இவ்வளவுதான். படிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, விழாமல் இருக்க என்ன வழி என்றுதான் பேச்சு.

நானும் இதைச் செய்தவன். மூத்தவன் மகன். அவனுக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்க ஆசை. பாடசாலையில் ஆசிரியரும் இருந்தார், இடமும் இருந்தது, நட்சத்திரமும் இல்லை. தடுத்தது நான். "நாடகம் ஆடியா சோறு திங்கப்போற?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது கட்டத்தில் சித்திரம் என்று என் கையால் எழுதினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரத்தில் 'ஏ' எடுத்தான். அந்தப் பரீட்சை முடிந்த நாளில் இருந்து இன்றுவரை அவன் தூரிகை தொட்டதை நான் பார்க்கவில்லை. பெட்டியும் வர்ணமும் கடையின் மேல் தட்டில் இருக்கின்றன, ரியூப் எல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே நாடகத்துக்குப் பட்டமே தருகிறார்கள் என்று எனக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளர் சொன்னார். படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் என் கை எழுதியிருக்குமா என்று தெரியாது. எழுதியும் இருக்கும், நான் அப்படி ஆள். ஆனாலும் அந்த வரி இருந்திருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் தெரிவு என்ற பேச்சே இல்லை. 90 இல் ஊர் குலைந்தது. எந்த வாத்தியார் ஊரில் மிஞ்சினாரோ அவர் படிப்பித்ததுதான் பாடம். எனக்குச் சங்கீதம் படிப்பித்தவர் உண்மையில் கணித ஆசிரியர். ராகத்தைப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவார், பாட மாட்டார். அதை இன்று சிரித்துக்கொண்டு சொல்லலாம். அன்றைக்குக் காரணம் ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்து எத்தனை வருடம்? இன்னும் "இருக்கிற வாத்தியாரைப் பொறுத்து" என்பதுதான் பதில் என்றால், பதிலைக் கொஞ்சம் விளக்கமாகவாவது சொல்லுங்கள்.

அந்தக் கூடையில் இருக்கும் இன்னொரு பாடத்தைப் பற்றி எழுதாமல் இந்த ஊரில் மடல் எழுத முடியாது. நீருயிரின வளத் தொழில்நுட்பவியல். மீன் தொட்டி கட்டுவது, அலங்கார மீன் வளர்ப்பது, தண்ணீரின் தரம் பார்ப்பது, வலை வகைகள், பிடித்த மீன் பழுதாகாமல் வைத்திருப்பது எல்லாம் அதற்குள் வரும். அந்தப் பாடத்தின் கடந்தகால வினாத்தாள் கேட்டு என் கடைக்கு வந்த பிள்ளைகளைப் பதினெட்டு வருடத்தில் ஒரு கை விரலில் எண்ணிவிடுவேன். எந்த ஊரில்? மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில். சீனன்குடாவில் கொட்பே மீன்பிடித் துறைமுகம், நிலாவெளிக்கு எதிரே 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய புறாத்தீவும் அதன் பவளப் பாறைகளும், கிண்ணியாவிலும் மூதூரிலும் தோணி இல்லாத ஒழுங்கை இல்லை. குச்சவெளிப் பக்கத்துப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயது இருக்கும், தகப்பனோடு கடைக்கு வந்தபோது காற்று மாறுவதைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தான். எந்த மாதம் எந்த மீன் கரைக்கு வரும், எந்த நீரோட்டத்தில் வலை கிழியும் எல்லாம் சொன்னான். அந்தப் பிள்ளைக்குப் பத்தாம் தரத்தில் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவனுக்குத் தெரிந்த ஒன்றில் பரீட்சை எழுதி 'ஏ' எடுக்கும் உரிமை அவனுக்கும் உண்டு. ஆசிரியர் இல்லை என்பீர்கள். பயிற்றுவிக்கக் கேட்டீர்களா? எங்கே, எப்போது கேட்டீர்கள் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

சிங்களத்தைப் பற்றி ஒரு சொல். ஆறாம் தரத்தில் இருந்து ஒன்பது வரை எங்கள் பிள்ளைகள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். பத்தில் அது முதல் கூடைக்குள் போய் வணிகத்தோடும் புவியியலோடும் மல்லுக்கட்டுகிறது. வணிகம் எடுத்தால் சிங்களம் இல்லை. நாலு வருடம் படித்ததை அந்த அரைத் தாளில் ஒரு கோட்டால் விடுகிறோம். இது மேலே இருந்து வந்த விதி, உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் விட்டால் என்ன போகும் என்று யார் சொல்கிறார்கள்? 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். அதற்காக முப்பது வயதில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சிங்கள எழுத்துப் பயிற்சித் தாளைக் கொப்பி எடுக்க என் கடைக்கு வரும் உத்தியோகத்தர்கள் எத்தனை பேர். சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லக் கேட்டு வருபவர்கள் அதைவிடக் கூட. சந்தையில் மூன்று மொழியும் வாயால் பேசுகிற ஊர் இது. எழுத்தில் வந்தால் மட்டும் நாங்கள் ஆள் தேடுகிறோம். இதை ஒரு பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் சொல்லியிருந்தால் என் மகள் முதல் கட்டத்தை வேறு விதமாக நிரப்பியிருக்கக்கூடும். எல்லாரும் எடுக்கிறார்கள் என்று வணிகம் போட்டிருந்தாள். கேட்டபோது, வணிகம் படிக்காவிட்டால் ஏ.எல்லில் கொமர்ஸ் செய்ய விடமாட்டார்கள் என்று கூட்டாளி சொன்னாளாம். அதுவும் இல்லாமல் ஏ.எல்லில் கொமர்ஸ் செய்யும் பிள்ளைகள் என் கடைக்கே வருகிறார்கள். பொய்த் தகவலில் ஒரு கட்டம் நிரம்பியிருந்தது. சங்கீதம், நடனம் வேறு, அவற்றில் அடி போடாமல் மேலே ஏற முடியாது. எந்தப் பாடத்துக்கு அடி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதாவது படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கக்கூடாதா? பின்பக்கம் வெறுமைதான். இரண்டு பக்கமும் அடிக்க நான் கூடுதல் காசு கேட்கவில்லை.

கேட்கிறதை நேராகக் கேட்கிறேன்.

படிவத்தை ஒரு இரவுக்குத் தராதீர்கள். மூன்றாம் தவணை தொடங்கும்போதே கொடுத்து, தவணை முடியும்போது வாங்குங்கள். அதற்கு நடுவில் ஒவ்வொரு பாட ஆசிரியரும் ஒன்பதாம் தரத்துக்குப் போய் அரை மணித்தியாலம் தன் பாடத்தைக் காட்டட்டும். பத்தாம் தரப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, பிள்ளைகள் பிள்ளைகளைத்தான் நம்புவார்கள். திணைக்களத்தின் பட்டியலில் உள்ள எல்லாப் பாடத்தையும் படிவத்தில் அடியுங்கள், உங்களிடம் இல்லாததற்கு நேரே 'ஆசிரியர் இல்லை', 'பட்டறை இல்லை' என்று உண்மையைப் போடுங்கள். வெட்கம் ஒன்றும் இல்லை. எத்தனை பிள்ளைகள் இல்லாத பாடத்தைக் கேட்டார்கள் என்று எண்ணி அந்த எண்ணிக்கையை வலயத்துக்கு அனுப்புங்கள். இப்போது இல்லாத பாடத்தை யாரும் கேட்பதில்லை, காரணம் அது தாளிலேயே இல்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் ஆசிரியரும் வருவதில்லை. இந்தச் சுற்று என் மெஷினின் ரோலர் மாதிரி, சுற்றுகிறது, தாளைப் பிடிக்கவில்லை.

பக்கத்துப் பாடசாலைகள் பட்டறையையும் ஆசிரியரையும் பகிர்ந்துகொள்ள ஒரு ஒழுங்கு செய்யுங்கள். கிழமைக்கு இரண்டு பின்னேரம் போதும். பெண் பிள்ளைகளை ஆண்கள் பாடசாலைக்கு அனுப்புவதா என்று முகம் சுளிப்பவர்கள், அதே பிள்ளைகள் அதே பையன்களோடு ஒரே ரியூட்டரி வாங்கில் ஆறரை மணிவரை இருப்பதைப் பார்த்ததில்லைப் போல. கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர ஒரு ஆசிரியை வேண்டும் என்றால், தாய்மார் முறை வைத்து வருவார்கள். என் மனைவி முதல் ஆள். நகரத்துக்கு இது நடைத் தூரம். ஈச்சிலம்பற்றுக்கும் வெருகலுக்கும் திரியாய்க்கும் இது சரிவராது, அங்கே ஆசிரியர்தான் பிள்ளைகளிடம் போக வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. இப்போது ஒரு ஆசிரியர் காலையில் ஒரு பாடசாலையிலும் பின்னேரம் இன்னொன்றிலும் படிப்பிக்கத் தடையாக இருப்பது கடல் இல்லை. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து வலயம் இருக்கிறது. ஐந்தும் ஒரு மேசையில் உட்கார்ந்து, யாரிடம் எந்தப் பாட ஆசிரியர் மேலதிகம், யாரிடம் இல்லை என்று ஒரு தாளில் எழுதினாலே பாதி வேலை முடியும்.

நட்சத்திரத்தை எடுங்கள். நாற்பது இடம்தான் என்றால் நாற்பது இடம். ஆனால் அதைத் தவணைப் பரீட்சை நிலையால் நிரப்பாதீர்கள். தமிழிலும் வரலாற்றிலும் எடுத்த புள்ளிக்குக் கணினியில் இடம் கொடுப்பது என்ன கணக்கு? கேட்கிற பிள்ளையிடம் ஏன் என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் பேசினால் யாருக்கு உண்மையான ஆசை, யார் கூட்டாளிக்காக வருகிறாள் என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்கே தெரிகிறது, கொப்பி எடுக்க வரும்போது.

கடைசியாக, பத்தாம் தரம் முதல் தவணை முடியும்வரை மாற்ற விடுங்கள். பிழையாக எடுத்த பாடத்தை இரண்டு வருடம் சுமக்க வைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. நிர்வாகத்துக்கு அலுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். நேரசூசி போடுகிற ஆசிரியரின் தலையிடி எனக்குத் தெரியும், அவர் அழித்து அழித்து எழுதிய தாளை நான் கொப்பி எடுத்திருக்கிறேன், கறுப்புத்தான் விழும்.

இப்படி ஒரு பாடசாலை செய்யத் தொடங்கினால் போதும், மற்றவை தானாகப் பார்க்கும். எங்கள் ஊர் அப்படி. பனர் ஒருவர் அடித்தால் மறுநாள் எல்லாரும் அடிப்பார்கள்.

மகளின் படிவம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. 'நாளை ஒப்படைக்கவும்' என்ற நாளை தாண்டி நாலு நாள். முதல் கட்டத்தில் வணிகத்தை அழித்துவிட்டுச் சிங்களம் என்று எழுதியிருக்கிறாள். இரண்டாவதில் சித்திரம். அது அவளே எழுதியது, நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் சின்னதாக 'மின்' என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறாள். நான் கையொப்பம் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அப்படியே கொண்டுவந்து தருவாள். பேனையால் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள், ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

புதுப் படிவம் அடிக்கக் கொண்டுவந்தால், இரண்டு பக்கமாக இருந்தால், முதல் ஐந்நூறு பிரதிக்குக் காசு வேண்டாம். கத்தி தீட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கேற்றுக்கு முன்னால் இருக்கும் போட்டோகொப்பிக் கடைக்காரன்,
திருகோணமலை.